ஐஸ் ஆள் எடுக்கிறது

2025 ஜூன் முதல் வாரம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஐன் என்று ஒரு பாலைவன ஊர். வெளியே தலை காட்ட முடியாத வெயில். உள்ளே, கூரை போட்ட அரங்கத்தில் ஐஸ் தளம். அங்கே நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலப் பதக்கம் வாங்கியது. ஆசியக் கோப்பையில் அவர்களுக்கு அதுதான் முதல் பதக்கம். அணித் தலைவி செவாங் சுஸ்கித், லடாக்குக்காரர். கூட ஆடியவர்களிலும் பெரும்பாலோர் லடாக்குப் பெண்கள்.

இந்தச் செய்தி தென்காசிப் பக்கம் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? அந்த மாதத்தில் நமக்குக் குற்றாலம் ஐந்தருவியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதுதான் தலைப்புச் செய்தி. சாரல் அடித்தால் ஆய்க்குடிக்காரர்கள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு ‘என்னா குளிரு’ என்பார்கள். நமக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான். ஹாக்கி என்றாலும் நமக்குத் தெரிந்தது கோவில்பட்டி ஹாக்கி.

அந்தக் கோவில்பட்டி ஹாக்கியைத் தெரிந்தவர்களுக்கு லடாக் கதை ரொம்ப எளிதாகப் புரியும். அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு நாட்டு அணியைத் தேர்ந்தெடுப்பது என்றவுடன் நம் மனதில் வருவது என்ன? ஐந்தாறு பெரியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இவரை எடுக்கலாமா, அவரை விடலாமா என்று சண்டை போடுகிற காட்சி. மறுநாள் பட்டியல் வரும். டீக்கடையில் அதைக் கிழித்துத் தொங்கவிடுவோம். கிரிக்கெட்டில் இது நமக்கு அன்றாடம். ஐஸ் ஹாக்கியில் இந்தியாவைப் பொறுத்தவரை மேசை ரொம்ப தாமதமாகத்தான் வருகிறது. அதற்கு வெகுமுன்பே ஐஸ் ஆள் எடுத்து முடித்துவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம்.

லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் குளம் உறையும். பிப்ரவரி பாதியில் இளக ஆரம்பித்துவிடும். இரண்டு மாதம், மிஞ்சிப்போனால் இன்னும் சில வாரம். கர்சூ குளம்தான் லேயின் பழைய ஆடுகளம். குளம் இல்லாத கிராமங்களில் வயலைச் சமன் செய்து, சுற்றிலும் சின்ன வரப்பு கட்டி, இரவில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். நெல்லுக்குப் பாய்ச்சுவதுபோல் ஒரே மூச்சில் திறந்துவிட முடியாது. மெல்லிய படலமாக விட வேண்டும், அது உறைய வேண்டும், அதன்மேல் அடுத்தது. இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி இருக்கும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஊர்ப் பையன்களும் பெண்களும்தான். ஆடப்போகிறவர்களே தளம் போட வேண்டும். காலையில் சுரண்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் ஸ்கேட்ஸ் மாட்ட முடியும்.

ஸ்கேட்ஸ் இருந்தால்! 1970-களில் ராணுவத்தினரைப் பார்த்து ஊர் மக்கள் ஆட ஆரம்பித்தபோது, பட்டாளத்து பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு பொருத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் ‘பக்’ என்று ஒரு ரப்பர் வட்டு உண்டு. அது கிடைக்காத காலத்தில் ஷூ பாலிஷ் டப்பாவை நசுக்கி அடித்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறையில் யார் நன்றாக ஆடினார் என்பது யார் காலுக்கு எந்த பூட்ஸ் கிடைத்தது என்பதையும் பொறுத்தது. இதுவும் ஒரு தேர்வுதானே? குழு போட்டு நடத்தவில்லை, அவ்வளவுதான்.

இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989-இல் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டது. ஆனால் ஆண்கள் அணி முதன்முதலாக ஒரு சர்வதேசப் போட்டியில் இறங்கியது 2009-இல், அபுதாபியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பையில். இருபது ஆண்டு உறுப்பினர் அட்டையை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். முதல் வெற்றி 2012-இல், மக்காவ் அணிக்கு எதிராக, நம் டேராடூனிலேயே. 2011-இன் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அங்கே முறையான அரங்கம் கட்டியிருந்தார்கள். அளவான தளம், இயந்திர ஐஸ், எல்லாம் சரி. கரண்ட் பில் யார் கட்டுவது? பெரும்பகுதிக் காலம் அது பூட்டியே கிடந்தது. 2025-இல்தான் ‘ஹிமாத்ரி’ என்ற பெயரில் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் தேசிய அணிக்கு முகாம் எங்கே நடந்தது தெரியுமா? குருகிராமில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள். விளையாட வரும் குழந்தைகளுக்காகப் போட்ட ஐஸ் தளம் அது. சர்வதேசத் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் வரை அகலம். மாலுக்குள் இருந்தது அதைவிட வெகு சிறியது. அதில் பழகியவர்கள் வெளிநாட்டில் பெரிய தளத்தில் கால் வைத்ததும் மூச்சு வாங்கியதில் ஆச்சரியம் என்ன?

இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லக் காரணம் உண்டு. தளத்தின் அளவும், ஐஸ் இருக்கும் மாதங்களும் எந்த மாதிரி ஆட்டக்காரரை உருவாக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் மட்டும் ஐஸ் பார்க்கிறவர்களுக்குத் தனித்திறமை வரும். வேகம் வரும். மலையில் பிறந்த நுரையீரல் கைகொடுக்கும். வராதது ஒன்றுதான்: ஐந்து பேர் ஒன்றாகச் சிந்திக்கும் பழக்கம்.

ஐஸ் ஹாக்கியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தளத்தில் ஒரு நேரத்தில் ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு தடுப்பாட்டக்காரர், மூன்று முன்கள ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்துக்கு 20 ஆட்டக்காரர்களும் 2 கோல்கீப்பர்களும் உடை மாட்டலாம். ஏன் இத்தனை பேர்? முழு வேகத்தில் ஓடினால் முக்கால் நிமிடத்துக்குமேல் யாராலும் தாங்க முடியாது. ஆகவே ஐந்து ஐந்து பேராக உள்ளே போய் வந்துகொண்டே இருப்பார்கள். இந்தக் குழுக்களுக்கு ‘லைன்’ என்று பெயர். முதல் லைன் கோல் போட. மூன்றாவது, நான்காவது லைனின் வேலை பெரும்பாலும் எதிரணியின் நட்சத்திரங்களை மறித்து, இடித்து, சோர்வடைய வைப்பது. எதிரணி ஆள் தண்டனை பெற்று வெளியே உட்காரும்போது இறங்க ஒரு கூட்டணி, நம் ஆள் உட்காரும்போது தாக்குப்பிடிக்க இன்னொரு கூட்டணி. ஆக, நாட்டின் மிகச்சிறந்த இருபது பேரை வரிசையாக எடுத்துவிட்டால் அது அணி ஆகாது. கோல் போடுகிறவர்கள் மட்டுமே இருபது பேர் இருப்பார்கள், மறிக்க ஆள் இருக்காது.

இதை உலகுக்குப் புரியவைத்தவர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்ஸுக்கு, கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1979 கோடையில் நடந்த தேர்வில் கல்லூரிப் பையன்களாகப் பொறுக்கினார். மாதக்கணக்கில் ஊர் ஊராகக் கூட்டிப்போய் ஆட வைத்தார். கடைசியில் 20 பேராகக் குறைக்க வேண்டியிருந்தது. கடைசியாக வெளியே அனுப்பப்பட்டவர் ரால்ஃப் காக்ஸ், நல்ல கோல் அடிப்பவர். புரூக்ஸ் தானே 1960 அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர். அந்த அணி தங்கம் வாங்கியதை வீட்டிலிருந்து பார்த்தவர். 1980 பிப்ரவரி 9-ஆம் தேதி நியூயார்க்கில் சோவியத் அணியிடம் 10–3 என்று உதை வாங்கிய அதே பையன்கள், இரண்டு வாரத்துக்குள் ஒலிம்பிக்ஸில் அதே அணியை 4–3 என்று வென்றார்கள். பிறகு தங்கமும் வாங்கினார்கள்.

எதிர்க்கதை கனடாவுடையது. 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ். ஐஸ் ஹாக்கியின் கடவுள் என்று கொண்டாடப்பட்ட வெய்ன் கிரெட்ஸ்கி அணியில் இருக்கிறார். ஆனால் தலைவர் பொறுப்பு இளைஞரான எரிக் லிண்ட்ரோஸுக்கு. அனுபவசாலி மார்க் மெஸ்ஸியர் பட்டியலிலேயே இல்லை. செக் நாட்டுடன் அரையிறுதி 1–1 என்று நின்று, பெனால்டி ஷூட்டவுட்டுக்குப் போனது. ஐந்து பேரைப் பயிற்சியாளர் மார்க் கிராஃபோர்ட் அனுப்பினார். அதில் ஒருவர் தடுப்பாட்டக்காரர் ரே போர்க். கிரெட்ஸ்கி பெஞ்சில். ஐந்து பேரையும் செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் தடுத்துவிட்டார். அந்தப் பெஞ்சைப் பற்றிக் கனடாவில் இன்றைக்கும் பேசுகிறார்கள். நம் ஊரில் 1998 ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் வாங்கித் தந்த கையோடு தன்ராஜ் பிள்ளையையும் சில மூத்த வீரர்களையும் அணியை விட்டு நீக்கியதை நாம் பேசுவதுபோல. தோற்ற அணியை மாற்றுவது எங்கும் நடப்பது. ஜெயித்த அணியைக் கலைக்கும் கலையில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் கனடாவின் பிரச்சினையும் நம் பிரச்சினையும் ஒன்றல்ல. அங்கே திறமைசாலிகள் அதிகம், இடம் குறைவு. ஒலிம்பிக்ஸில் ஆண்களுக்கு 25 பேர், பெண்களுக்கு 23 பேர் என்று வரம்பு. இருநூறு பேர் தகுதியானவர்கள் நிற்கும்போது எந்தப் பட்டியலும் அநியாயமாகத்தான் தெரியும். அங்கே தேர்வு என்பது வடிகட்டுவது. இங்கே தேடிப் பிடிப்பது.

2016 மார்ச்சில் தாய்பேயில் நடந்த போட்டிக்கு இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாகப் புறப்பட்டபோது செலவுக்குப் பொதுமக்களிடம் கையேந்தித்தான் நிதி திரட்டினார்கள். ஆண்கள் அணிக்கும் அதற்கு முந்தைய ஆண்டில் அதே நிலை. பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. லேயில் இருந்ததே சில தளங்கள். ஆண்களும் ராணுவ அணிகளும் ஆடி முடித்த பிறகு மிச்ச நேரம்தான் பெண்களுக்கு. சோனம் வாங்சுக் தொடங்கி நடத்திய செக்மோல் பள்ளி வளாகத்தில் பெண்கள் தாங்களே தளம் போட்டு ஆடியது பெரிய திருப்பம். அந்தக் காலத்து கோல்கீப்பர் நூர் ஜஹான், பழைய சுவரோவியங்களையும் சிலைகளையும் பாதுகாக்கும் தொழிலைக் கற்றவர். லடாக்கில் அதற்கென்றே ‘ஷெஸ்ரிக்’ என்ற அமைப்பை உறவுப் பெண் ஒருவருடன் சேர்ந்து நடத்துகிறார். குளிர்காலத்தில் முகக்கவசம் மாட்டி கோல் வாயில் நிற்பார். தேசிய அணி கோல்கீப்பருக்கு ஹாக்கி பிழைப்பு இல்லை, சுவரோவியம்தான் பிழைப்பு.

2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்றார்கள். பெண்கள் அணியின் முதல் வெற்றி. 2018 ஜனவரியில் கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைசர், நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மனுஷி, லடாக்குக்கே வந்து இவர்களோடு ஆடினார். அப்புறம் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை பெண்களுக்கென்று ஐஸ் ஹாக்கி அணி வைத்தது. அது பெரிய விஷயம். மாதச் சம்பளம் வந்தால் ஆட்டத்தை இருபத்தைந்து வயதில் மூட்டை கட்ட வேண்டியதில்லை. நம் பக்கத்தில் ரயில்வேயும், வங்கிகளும், ஐ.சி.எஃப்.பும் ஹாக்கிப் பையன்களுக்குச் செய்ததைத்தான் அங்கே படைகள் செய்கின்றன. இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் காசா என்ற ஊரிலும் தளம் போட்டுப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். லடாக்குக்கு வெளியேயிருந்தும் அணிக்கு ஆள் கிடைக்க அது ஒரு வழி.

இனி கோவில்பட்டிக்கு வருவோம். ஆய்க்குடியிலிருந்து தென்காசி, சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் போனால் இரண்டு இரண்டரை மணி நேரம். கரிசல் மண்ணும் தீப்பெட்டி ஆபீசும் கடலை மிட்டாயும் உள்ள ஊரில் ஹாக்கி எப்படி இவ்வளவு ஊறியது என்பது தனிக்கதை. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடெங்குமிருந்து அணிகள் வருகின்றன. அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை நடந்தபோது மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என்று இரண்டு தமிழகப் பையன்கள் இந்திய அணிக்குப் போனார்கள். இருவரும் கோவில்பட்டியில் பழகியவர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். பல வருடங்கள் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லாமல் கிடந்த அணி அது.

ஏன் அந்த இடைவெளி? நம் பையன்களுக்கு ஆடத் தெரியாமலா? மண் தரையில் ஆடியவனைக் கூட்டிப்போய் செயற்கைப் புல்லில் விட்டால், முதல் நாள் தேர்வில் பந்து அவன் மட்டையைத் தாண்டி ஓடிவிடும். அவ்வளவுதான், பெயர் அடிபட்டது. நாட்டுக்கே இது நடந்திருக்கிறது. 1975-இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, அடுத்த வருடம் மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரித்தபோது ஏழாவது இடம். ஒரு வருடத்தில் ஆட்டம் மறந்துவிடுமா? தரை மாறியது. கோவில்பட்டிக்கும் செயற்கைத் தரை வந்த பிறகுதான் தேர்வாளர்கள் கண்ணுக்கு நம் பையன்கள் தெரிய ஆரம்பித்தார்கள்.

ஐஸ் ஹாக்கியில் தமிழருக்கு வாய்ப்பே இல்லையா என்றால், இரண்டு வாசல்கள் இருக்கின்றன. இரண்டும் அரைகுறை.

ஒன்று கனடா. டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் தமிழ்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும் வயதிலேயே ஐஸைப் பார்க்கிறார்கள். அவர்களில் இந்திய வம்சாவளிப் பிள்ளை ஒன்று நன்றாக ஆடினால் இந்திய அணிக்கு எடுக்கலாமே? எடுக்க முடியாது. சர்வதேச விதிப்படி அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்தான் நாட்டுக்காக ஆடலாம் என்று 2008-இல் மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. 2025-இல் கால்பந்து வீரர் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையையே விட்டுவிட்டுத்தான் இந்தியராக முடிந்தது. இரட்டைக் குடியுரிமை தரும் பிலிப்பைன்ஸுக்கு இந்தத் தலைவலி இல்லை. பனியே விழாத அந்த நாடு 2017 தென்கிழக்காசிய விளையாட்டில் ஐஸ் ஹாக்கித் தங்கமே வாங்கியது. நம் விதி சரியா, தவறா என்பது வேறு வழக்கு. லடாக்கில் இரவெல்லாம் குழாய் பிடித்த பெண்ணின் இடத்தில் டொராண்டோவிலிருந்து ஒருவரை இறக்கினால் அதுவும் நெருடத்தான் செய்யும்.

இரண்டாவது வாசல் சக்கரம். தமிழ்நாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் நன்றாகவே வேர்பிடித்திருக்கிறது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் உலகச் சாம்பியனே ஆனார். சக்கரத்தில் பழகியவருக்கு ஐஸில் ஓடுவது சீக்கிரம் வந்துவிடும். நிற்பதுதான் வராது. ஐஸில் இரண்டு காலையும் சட்டென்று குறுக்கே திருப்பி, தகடு ஐஸைச் சீவித் தெறிக்க நிற்க வேண்டும். ஐஸ் ஹாக்கியில் பாதி ஆட்டம் இந்த நிற்பதும் திரும்புவதும்தான். அதற்கு மாதக்கணக்கில் ஐஸ் வேண்டும். ஆனாலும் லேயில் 2025 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஐஸ் ஸ்கேட்டிங்கில் பதக்கங்களோடு திரும்பினார்கள். வேகப் பந்தயத்தில் முடிந்தது, ஹாக்கியில் முடியாது என்று யார் சொல்ல முடியும்?

ஆய்க்குடிக்கு இன்னொரு கோணமும் உண்டு. தேர்வு ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தின் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் இறுதிச் சுற்றில் மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டார். அதன்பின் நடக்கவில்லை. 1981-இல் ஆய்க்குடியில் சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ. அந்த வளாகத்தைப் பார்த்தவர்கள் பாரா ஐஸ் ஹாக்கியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கால் இயலாதவர்கள் தகடு பொருத்திய தாழ்ந்த வண்டியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் குட்டை மட்டை. மட்டையின் ஒரு முனையில் ஆணி. அதை ஐஸில் குத்தித் தள்ளி ஓடுவார்கள், மறுமுனையால் அடிப்பார்கள். 1994-இலிருந்து பாராலிம்பிக்ஸில் இருக்கிறது. அங்கேயும் தோள், கைவலிமையைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். அந்த வலிமை தென்காசி மாவட்டத்துச் சக்கர நாற்காலிகளில் நிறையவே இருக்கிறது.

லடாக்கில் பெரியவர்கள் இப்போது இன்னொன்று சொல்கிறார்கள்: குளம் முன்புபோல் உறைவதில்லை, பிந்தி உறைந்து முந்தி இளகுகிறது. இரண்டு மாதம் ஒன்றரை மாதமானால், தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்தாலும் பலன் ஒன்றுதான். லேயில் கூரை போட்டு, ஆண்டில் எட்டு மாதமாவது இயந்திர ஐஸ் தரும் அரங்கம் வேண்டும். டேராடூன் அரங்கத்தின் மின்கட்டணத்தை மத்திய அரசு ஏற்க வேண்டும். அங்கே லடாக்குப் பெண்களோடு தமிழ்நாட்டு ஸ்கேட்டிங் பிள்ளைகளையும் ஒரு முகாமுக்கு அழைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டுப் பட்டியலை வெளியிடட்டும். அப்புறம் யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று டீக்கடையில் நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.